ரெய்டு பிட்மேப் நிரலில் கை வைக்கும்போது: எதை மாற்றலாம், எந்த வரிசையைக் குலைக்கக்கூடாது

மிரர் அர்ரேயில் (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கில் வைக்கும் ரெய்டு அமைப்பில்) எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், ஒரு டிஸ்கில் புது டேட்டாவும் மற்றதில் பழைய டேட்டாவும் இருக்கலாம். எந்த இடம் என்று தெரியாவிட்டால் டிஸ்க் முழுவதையும் மறுபடி ஒத்திசைக்க வேண்டும். 8 டெராபைட் டிஸ்குக்கு அது பல மணி நேர வேலை. இந்தப் பாடு வேண்டாம் என்றுதான் லினக்ஸில் மென்பொருள் ரெய்டை நடத்தும் எம்டி டிரைவர் ரைட்-இண்டெண்ட் பிட்மேப் வைத்திருக்கிறது. டிஸ்கைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு பிட். எழுதும் முன் பிட் ஏறும், எழுதி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து இறங்கும். விபத்துக்குப் பிறகு ஏறியிருக்கும் துண்டுகளை மட்டும் சரிபார்த்தால் போதும்.

இந்த நிரலைப் பராமரிக்கிறவர் பேட்ச் எழுதும் முன்பே மனதில் பதிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேவையில்லாமல் ஏறியிருக்கும் பிட்டால் நேரம்தான் வீண். ஏறியிருக்க வேண்டிய பிட் இறங்கியிருந்தால் டேட்டா போகும், அதுவும் சத்தமில்லாமல் போகும். அதனால் பிட்டை ஏற்றும் பாதையில் ஒரு வரியை நகர்த்தினாலும் சந்தேகத்தோடு படியுங்கள். இறக்கும் பாதையைத் தாமதப்படுத்தும் மாற்றத்துக்கு அவ்வளவு கவலை வேண்டாம். சீக்கிரப்படுத்தும் மாற்றத்துக்குக் கட்டாயம் வேண்டும்.

முதலில் கவுண்டரைப் புரிந்துகொள்ளுங்கள்

டிஸ்கில் ஒரு துண்டுக்கு ஒரு பிட்தான். நினைவகத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் 16 பிட் கவுண்டர் இருக்கிறது. மேல் பிட் ‘ஒத்திசைவு தேவை’ என்பதற்கு, அடுத்தது ‘ஒத்திசைவு நடக்கிறது’ என்பதற்கு. மீதி 14 பிட்டில் எண்ணிக்கை. அதாவது உச்சம் 16383.

இந்த எண்ணிக்கையை ‘நடந்துகொண்டிருக்கும் ரைட்டுகள்’ என்று நேரடியாகப் படித்தால் தடுக்கி விழுவீர்கள். 0 என்றால் துண்டு சுத்தம், டிஸ்க் பிட்டும் இறங்கியிருக்கிறது. முதல் ரைட் வரும்போது பிட்டை ஏற்றிவிட்டு, கவுண்டரை 2 ஆக்கி, அதன் மேல் தனக்கான ஒன்றைக் கூட்டும். ஒரே ஒரு ரைட் நடக்கும் துண்டில் கவுண்டர் 3. அது முடிந்தால் 2. டீமன் (பின்னணியில் அவ்வப்போது ஓடும் வேலை) சுற்று வந்து பார்க்கும்போது 2 இருந்தால் 1 ஆக்கும். அடுத்த சுற்றிலும் 1 ஆகவே இருந்தால்தான் 0 ஆக்கி பிட்டை இறக்கும். சுற்றின் இடைவெளி இயல்பாக 5 விநாடி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதும் வேலைக்கு ஒவ்வொரு முறையும் பிட்டை ஏற்றி இறக்கி டிஸ்கைத் தேய்க்காமல் இருக்கத்தான் இந்த இரண்டு படி. “2, 1 என்று எதற்கு இரண்டு நிலை, ஒன்று போதாதா?” என்று சுருக்க நினைப்பவர்கள் இந்தக் காரணத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

ரைட் தொடங்கும்போது ஸ்டார்ட்ரைட், முடியும்போது எண்ட்ரைட். இரண்டும் துல்லியமாக ஜோடி சேர வேண்டும். சேராவிட்டால் நடப்பது மூன்று விதம், மூன்றின் அறிகுறியும் வேறு:

எண்ட்ரைட் விட்டுப்போனால் கவுண்டர் 3-க்குக் கீழே வராது; பிட் இறங்கவே இறங்காது. அர்ரே வேலை செய்யும், டேட்டாவும் பத்திரம். ஆனால் ஒரே துண்டில் கசிவு தொடர்ந்தால் எண்ணிக்கை 16383-ஐத் தொடும், அதன் பிறகு வரும் ரைட் காத்திருப்பு வரிசையில் உட்கார்ந்துவிடும்.

0-ல் இருக்கும் கவுண்டருக்கு எண்ட்ரைட் வந்தால் 16 பிட் எண் கீழ்வழியாகச் சுற்றி 65535 ஆகிவிடும். அப்போது இரண்டு மேல் பிட்டுகளும் ஏறியிருக்கும், எண்ணிக்கையும் உச்சத்தில் நிற்கும். அடுத்த ரைட் அங்கேயே தொங்கும். ‘ரைட் தொங்குகிறது’ என்ற புகாரில் ஸ்டேக்கில் பிட்மேப் காத்திருப்பு தெரிந்தால், நெரிசல் என்று முடிவுகட்டும் முன் அந்தக் கவுண்டரின் மதிப்பைப் பாருங்கள். 16381 ரைட்டுகள் ஒரே துண்டில் ஒரே நேரத்தில் நடப்பதைவிட, கணக்கு தவறியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. இரண்டு ரைட் நடக்கும் துண்டில் கவுண்டர் 4. ஒன்று முடிந்து, அதற்கே எண்ட்ரைட் இரண்டு முறை ஓடினால் 2. இன்னொரு ரைட் இன்னும் டிஸ்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் டீமன் அந்தத் துண்டை ஓய்வாக நினைத்து பிட்டை இறக்கிவிடலாம். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

ஜோடியைக் குலைப்பது பெரும்பாலும் பையோ (கர்னலுக்குள் போகும் ஐஓ கோரிக்கை) பிளவுதான். தொடங்கும்போது இருந்த செக்டார், நீளம் இரண்டும் முடியும்போது பையோவிலிருந்து படித்தால் அப்படியே இருக்காது. கீழ் அடுக்குகள் அதை நகர்த்தியிருக்கும். ஸ்டார்ட்ரைட்டுக்குக் கொடுத்த இரண்டு மதிப்புகளையும் தனியாகச் சேமித்து, அவற்றையே எண்ட்ரைட்டுக்குக் கொடுங்கள். ரெய்டு-5-ல் இன்னொரு சிக்கல்: அங்கே பிட்மேப் கணக்கு அர்ரே செக்டாரில் இல்லை, உறுப்பு டிஸ்கின் செக்டாரில் இருக்கிறது. பர்சனாலிட்டிகளுக்குள் (ரெய்டு-1, ரெய்டு-5 என்று ஒவ்வொரு வகைக்குமான நிரல்களுக்குள்) சிதறிக் கிடந்த இந்த அழைப்புகளை எம்டியின் மேல் அடுக்கில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தபோது, செக்டாரை மாற்றித் தரும் ஒரு கால்பேக்கையும் சேர்க்க வேண்டியிருந்தது இதனால்தான். ஒரே இடத்தில் அழைப்பது நல்ல மாற்றம். ஆனால் வரம்பை (செக்டார், நீளம்) ஸ்ட்ரைப் எல்லைக்கு, அதாவது டிஸ்குகளுக்குக் குறுக்கே போகும் பட்டையின் எல்லைக்கு, விரித்த பிறகுதான் சேமிக்க வேண்டும்.

டிஸ்க் வரிசை

வரிசை இது. நினைவகத்தில் பிட்டை ஏற்று; அந்த பிட் இருக்கும் பேஜை (நினைவகத்தின் நிலையான அளவுப் பகுதி) ‘அழுக்கு’ என்று குறி; பிட்மேப் பேஜை டிஸ்குக்கு அனுப்பி முடியும்வரை காத்திரு; அதன் பிறகே டேட்டாவை அனுப்பு. எம்டி தன் பிட்மேப் பேஜுகளை முன்ஃபிளஷும் (முதலில் கேஷைக் காலி செய்யச் சொல்வது) எஃப்யுஏ கொடியும் (கேஷில் நிற்காமல் நிலையாக எழுதச் சொல்வது) சேர்த்து எழுதுகிறது, டிஸ்கின் சொந்த கேஷில் பிட் தங்கிவிடாமல் இருக்க. வேகத்துக்காக அந்தக் கொடிகளை எடுக்கும் யோசனை அவ்வப்போது எழும். எடுத்தால் பிட்மேப் இருந்தும் இல்லாததுதான்.

பேஜுக்கு மூன்று குறிகள்: ஏறிய பிட் எழுதப்பட வேண்டும், இறங்க வேண்டிய பிட் காத்திருக்கிறது, இறங்கிய பிட் எழுதப்பட வேண்டும். முதல் வகை டேட்டாவைத் தடுத்து நிறுத்தும்; மூன்றாவது சாவகாசமாகப் போகலாம். மூன்றையும் ஒரே கொடியாக்கினால் நிரல் சுருங்கும், ஆனால் ஒவ்வொரு இறக்கமும் யாரோ ஒருவரின் ரைட்டைக் காக்க வைக்கும்.

குறியை அழிக்கும் இடத்தையும் கவனியுங்கள். பேஜை அனுப்பும் முன் குறியை அழிக்க வேண்டும், அனுப்பி முடித்த பிறகு அல்ல. முடித்த பிறகு அழித்தால், பேஜ் போய்க்கொண்டிருக்கும் இடைவெளியில் வேறொரு சிபியு ஏற்றிய பிட்டின் குறியும் சேர்ந்து அழிந்துவிடும். அந்த பிட் நினைவகத்தில் இருக்கும், டிஸ்கில் இருக்காது.

பிட்மேப்பின் சூப்பர்பிளாக்கில் (தலைப்புப் பகுதி) இரண்டு எண்ணிக்கைகள்: அர்ரேயின் நிகழ்வு எண் (அர்ரேயின் நிலை மாறும்போது ஏறும் எண்), பிட்டுகள் கடைசியாக இறக்கப்பட்ட காலத்தின் நிகழ்வு எண். கழன்று போன டிஸ்கை மீண்டும் சேர்க்கும்போது, அதன் நிகழ்வு எண் இந்த இரண்டாவதைவிடக் குறைவாக இல்லை என்றால்தான் பிட்மேப்பை நம்பி, மாறிய துண்டுகளை மட்டும் நகலெடுக்கலாம். ஆகவே இரண்டாவது எண் டிஸ்கில் ஏறாமல் எந்த பிட்டையும் இறக்கக்கூடாது. டீமன் நிரலில் கவுண்டர் 1 ஆக இருந்தும் ஒரு கூடுதல் நிபந்தனை இறக்கத்தைத் தள்ளிப்போடுவதைக் காண்பீர்கள். தேவையற்றதுபோலத் தெரியும் அந்த நிபந்தனைதான் பழைய டிஸ்கை வடிகட்டுகிறது. அதை எடுத்துவிட்டால், மாறிய துண்டுகளின் தகவலைத் தொலைத்த பிட்மேப்பை வைத்து டிஸ்க் உள்ளே வந்துவிடும்.

எண்கணிதம்

8 டெபிபைட் உறுப்பு டிஸ்க், 64 மெபிபைட் துண்டு என்றால் 131072 பிட்டுகள். டிஸ்கில் 16384 பைட், அதோடு 256 பைட் சூப்பர்பிளாக். 4 கிபிபைட் பேஜ் கணக்கில் 5 பேஜ். நினைவகத்தில் கவுண்டர்களுக்கு 256 கிபிபைட், அதாவது 64 பேஜ். ஒரு பேஜில் 2048 கவுண்டர்.

டிஸ்க் பேஜ் எண்ணும் கவுண்டர் பேஜ் எண்ணும் வேறு வேறு. சூப்பர்பிளாக் முதல் பேஜில் 2048 பிட்டுகளுக்கான இடத்தைப் பிடிப்பதால், அங்கே 30720 துண்டுகள்தான் அடங்கும். 30720-ஆம் எண் துண்டு இரண்டாவது பேஜின் முதல் பிட். சூப்பர்பிளாக்கை வெளியே வைத்திருக்கும் மெட்டாடேட்டா வகையில் இந்த நகர்வு கிடையாது. இந்தக் கூட்டலை நாலு இடத்தில் எழுதாமல் ஒரே ஃபங்ஷனில் வையுங்கள்.

ஷிஃப்டில் வகையைக் கவனியுங்கள். 1 கிபிபைட் துண்டு என்பது 2-ன் 21-ஆம் அடுக்கு செக்டார். ஒரு கவுண்டர் பேஜ் மூடும் பரப்பைக் கணக்கிட அதோடு 11 சேரும்: 32. வெறும் 1-ஐ இடப்பக்கம் 32 முறை தள்ளினால் 32 பிட் இன்ட்டில் விடை நாசம். தள்ளும் முன் செக்டார் வகைக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றால் அது அலங்காரமல்ல.

கடைசிப் பேஜைத் தனியாகச் சோதியுங்கள். எழுதும் அளவை டிஸ்கின் உகந்த ஐஓ அளவுக்கு மேல்நோக்கிச் சரிசெய்யும் நிரலில், டேட்டா தொடங்கும் இடத்தைத் தாண்டக்கூடாது என்ற சோதனை மட்டும் போதவில்லை. பிட்மேப்பின் சொந்த நீளத்தைத் தாண்டி, ஒதுக்காத நினைவகப் பேஜுகளையும் டிஸ்குக்கு அனுப்பிய பிழை எம்டியிலேயே 2024-ல் சரிசெய்யப்பட்டது.

லாக்

கவுண்டர்களுக்கு ஒரு ஸ்பின்லாக். எண்ட்ரைட் இன்டரப்டிலிருந்தும் வரக்கூடும் என்பதால் இன்டரப்டை அடைக்கும் வகைதான் வேண்டும். கவுண்டர் பேஜ் இல்லையென்றால் அதை ஒதுக்கும் ஃபங்ஷன், லாக்கை நடுவில் விட்டுவிட்டுத் திரும்ப எடுக்கிறது. அழைத்தவர் அதற்கு முன் பார்த்து வைத்த எதையும் பிறகு நம்பக்கூடாது: பேஜை வேறொருவர் ஒதுக்கியிருக்கலாம், எண்ணிக்கை மாறியிருக்கலாம். நினைவகம் கிடைக்காதபோது பேஜின் பாயிண்டர் இருக்கும் இடத்தையே கவுண்டராகப் பயன்படுத்தும் மாற்றுப் பாதையும் உண்டு. சாதாரணச் சோதனையில் அது ஓடவே ஓடாது. ஃபால்ட் இன்ஜெக்ஷன் (வேண்டுமென்றே தோல்வியை உண்டாக்கும் வசதி) வைத்து வலிந்து ஓட்டுங்கள்.

எந்த வரிசையில் ரீஃபேக்டர் செய்வது

ஒரு கமிட்டில் ஒரு வகை மாற்றம். முதலில் பிட்மேப் ஸ்ட்ரக்டின் உள்ளமைப்பைத் தலைப்புக் கோப்பிலிருந்து எடுத்து மூலக் கோப்புக்குள் மறையுங்கள். வெளியிலிருந்து அதன் புலங்களை நேரடியாகத் தொடும் இடங்களை கம்பைலரே காட்டிக்கொடுக்கும். அவற்றுக்கு ஒவ்வொன்றாக ஃபங்ஷன் எழுதுங்கள். அதன் பிறகே அந்த ஃபங்ஷன்களை ஆபரேஷன்ஸ் அட்டவணையில் வையுங்கள். எம்டியில் இந்த அட்டவணை 6.12 கர்னலில் வந்தது. பூட்டில்லாத இன்னொரு பிட்மேப்பைப் பின்னர் பக்கத்தில் வைக்க அதுதான் வழிவிட்டது. நடத்தையை மாற்றும் கமிட்டுகள் எல்லாம் இதற்குப் பிறகு, தனித்தனியாக. பெயர் மாற்றத்தையும் வரிசை மாற்றத்தையும் ஒரே கமிட்டில் கலந்தால், ஆறு மாதம் கழித்து பைசெக்ட் (பிழை நுழைந்த கமிட்டைத் தேடும் கிட் கருவி) அங்கே கொண்டுவந்து நிறுத்தும்போது எது குற்றவாளி என்று பிரிக்க முடியாது.

டிஸ்க் வடிவத்தை மட்டும் ரீஃபேக்டரின் பெயரில் தொடாதீர்கள். பதிப்பு 3 கணினியின் சொந்த பைட் வரிசையில் இருக்கிறது, 4 லிட்டில் எண்டியன். இரண்டையும் படிக்கும் பிட் ஃபங்ஷன்கள் வேறு. வகை, பைட் வரிசைக் குழப்பங்களைக் காட்டும் ஸ்பார்ஸ் கருவியை எச்சரிக்கையே இல்லாமல் ஓடும்வரை ஓட்டுங்கள்.

பிட்டைக் கண்ணால் பார்ப்பது

ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்தச் சோதனை சில நிமிடம்தான். பூஜ்யங்கள் நிரம்பிய 1 கிபிபைட் கோப்புகள் இரண்டை லூப் டிவைஸாக்கி, 1.2 மெட்டாடேட்டா, உள் பிட்மேப், 1 மெபிபைட் துண்டு என்று ரெய்டு-1 உருவாக்குங்கள். இரண்டு கோப்பும் ஒன்றுபோல இருப்பதால் முதல் ஒத்திசைவைத் தவிர்க்கும் விருப்பத்தைத் தைரியமாகக் கொடுக்கலாம். அர்ரேயில் சரியாக 100-ஆவது மெபிபைட் இடத்தில் டைரக்ட் ஐஓ மூலம் 4 கிபிபைட் எழுதுங்கள்.

உடனே உறுப்பு டிஸ்கின் 8460-ஆவது பைட்டைப் படியுங்கள். அர்ரேயின் சூப்பர்பிளாக் 4 கிபிபைட்டில், பிட்மேப் அதிலிருந்து 8 செக்டார் தள்ளி, அதாவது 8192-ல், பிட்மேப்பின் தலைப்பு 256, 100-ஆவது பிட் அதிலிருந்து 12-ஆவது பைட்டில், நான்காம் எண் பிட். படித்த மதிப்பு 16 ஆக இருக்க வேண்டும். படிப்பதும் டைரக்ட் ஐஓவில்தான்: எம்டி உறுப்பு டிஸ்கின் பேஜ் கேஷ் வழியாக எழுதுவதில்லை, சாதாரணமாகப் படித்தால் பழைய மதிப்பையே காட்டி உங்களைத் திசைதிருப்பும். 20 விநாடி சும்மா விட்டுவிட்டு மறுபடி படித்தால் 0. இறங்காவிட்டால் எண்ட்ரைட்டைத் தேடுங்கள். 5 விநாடிக்குள்ளேயே இறங்கிவிட்டால் இரண்டு படி உடைந்திருக்கிறது.

அடுத்து ஒரு டிஸ்கைப் பழுது என்று அறிவித்து நீக்கி, மூன்று வெவ்வேறு துண்டுகளில் எழுதி, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பிட்டுகள் இறங்காமல் நிற்கிறதா பாருங்கள். டிஸ்கைத் திரும்பச் சேர்த்தால் அந்தத் துண்டுகள் மட்டும் நகலாகி, பிறகு சரிபார்ப்பு ஓட்டத்தில் பொருந்தாமை எண்ணிக்கை 0 வர வேண்டும்.

வரிசையைச் சோதிக்க டிவைஸ்-மேப்பரின் லாக்-ரைட்ஸ் இலக்கை உறுப்பு டிஸ்குகளுக்கு அடியில் வையுங்கள். அது ஒவ்வொரு ரைட்டையும் கொடிகளோடு பதிந்து தரும். பதிவில் உள்ள ஒவ்வொரு டேட்டா ரைட்டுக்கும், அதற்கு முன்பே அந்தத் துண்டின் பிட் ஏறிய பிட்மேப் பேஜ் எஃப்யுஏவோடு முடிந்திருக்கிறதா, இடையில் அதை இறக்கிய பேஜ் எதுவும் போகவில்லையா என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மூலம் பாருங்கள். லாக்டெப் (லாக் வரிசைப் பிழையைப் பிடிப்பது), கேசான் (நினைவகப் பிழையைப் பிடிப்பது) இரண்டும் இயங்கும் கர்னலில், சுமையோடு, துண்டு எல்லைகளைக் குறுக்கே வெட்டும் அளவுகளில் எழுதச் செய்து இதை ஓட்டுங்கள்.