கனடாவில் விற்பனை அழைப்புகள்: எதற்கு "ஓம்" சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லுங்கள்

கனடாவுக்கு வந்து இறங்கிய முதல் கிழமையிலேயே எல்லோரும் ஒரு கைத்தொலைபேசி இலக்கம் எடுத்துவிடுவோம். வங்கிக் கணக்கு, வாடகை வீடு, வேலை விண்ணப்பம், பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு என்று எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கொஞ்ச நாளில் அழைப்புகள் தொடங்கிவிடும். வீட்டுக் காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டுமா, கடனட்டை வேண்டுமா, ஆயுள் காப்புறுதி எடுத்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். உங்கள் இலக்கம் முன்பு வேறொருவரிடம் இருந்ததாக இருந்தால், அவரைத் தேடுகிறவர்களும் உங்களைத்தான் எழுப்புவார்கள்.

அம்மா ஊரிலிருந்து வந்து மூன்றாம் மாதம். நான் வேலையில் நின்ற ஒரு பகல் நேரம் வீட்டுத் தொலைபேசி அடித்திருக்கிறது. மறுபக்கத்தில் ஒரு பெண் மிக அன்பாக நலம் விசாரித்துவிட்டு மளமளவென்று ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார். அம்மா ஒவ்வொரு வசனத்துக்கும் "யெஸ், யெஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒருவர் கதைக்கும்போது நாங்கள் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருப்போமே, அதே மாதிரி. "நீங்கள் சொல்வது கேட்கிறது" என்பதுதான் அதன் பொருள். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேர் பெரிய இயந்திரத்தோடு வாசலில் நின்றார்கள். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், குரல் பதிவு இருக்கிறது என்றார்கள். அரை மணி நேரம் வாதாடித்தான் அவர்களைத் திருப்பி அனுப்பினேன். தான் ஏதோ பெரிய பிழை விட்டதாக நினைத்து அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. புதிதாக வருகிற எவருடைய அம்மாவுக்கும் அந்த நாள் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது பதிவு. கனடாவில் "நஷனல் டூ நொட் கோல் லிஸ்ட்" என்று ஒன்று இருக்கிறது. எனக்கு அழைக்க வேண்டாம் என்று சொல்பவர்களின் தேசியப் பட்டியல் அது. 2008 செப்டெம்பர் 30 இல் தொடங்கியது. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் சி.ஆர்.ரி.சி. ஆணையத்தின் கீழ் வருகிறது. 1-866-580-3625 என்ற இலக்கத்துக்கு, பதிய விரும்பும் தொலைபேசியிலிருந்தே அழைத்துப் பதியலாம். பட்டியலின் இணையத்தளத்திலும் பதியலாம். இரண்டிலும் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சுதான். தடுமாற்றம் என்றால் பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தொலைபேசி, கைத்தொலைபேசி, ஃபாக்ஸ் எல்லாவற்றையும் பதியலாம். பதிவதற்குக் காசு இல்லை. முன்பு சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது, இப்போது அதுவும் இல்லை. பழைய ஆள் அதே இலக்கத்தைப் பதிந்திருப்பார் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். இலக்கம் கை மாறும்போது பட்டியலிலிருந்து நீங்கிவிடலாம்.

பதிந்த மறுநாளே அமைதி வந்துவிடாது. விற்பனை நிறுவனங்கள் தங்கள் பட்டியலைத் திருத்த 31 நாள் அவகாசம் உண்டு. பதிந்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அதற்குப் பிறகும் சிலர் அழைக்கலாம், சட்டம் விட்டிருக்கிறது. பதிவு செய்த தொண்டு நிறுவனங்கள், அரசியல் கட்சிகளும் வேட்பாளர்களும், சந்தா கேட்கும் பொதுப் பத்திரிகைகள், கருத்துக்கணிப்பு எடுப்பவர்கள். நீங்கள் ஏற்கெனவே பொருளோ சேவையோ வாங்கிய நிறுவனம் 18 மாதம் வரைக்கும் அழைக்கலாம். விலை விசாரித்தாலே போதும், 6 மாதம் வரைக்கும் அழைக்கலாம். தளபாடக் கடையில் ஒரு சோபாவின் விலையைக் கேட்டு இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு ஏன் அரை வருடம் அழைப்பு வருகிறது என்பது இப்போது விளங்கும். சிறு கடையோ தொழிலோ வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வியாபாரத் தொலைபேசிக்கு வரும் விற்பனை அழைப்புகளுக்கு இந்தப் பட்டியல் பாதுகாப்புத் தராது.

ஆனால் விலக்குப் பெற்றவர்களிடமும் "இனி எடுக்காதீர்கள்" என்று சொல்லலாம். தொலைபேசியில் விற்பவர் எவரும், தொண்டு நிறுவனம் உட்பட, தங்களுக்கென்று ஒரு உள் பட்டியல் வைத்திருந்தே ஆகவேண்டும். நீங்கள் கேட்ட 14 நாளுக்குள் உங்கள் இலக்கம் அதில் ஏற வேண்டும். எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதில் தமிழ் எழுத்தில் இரண்டே வசனம்: "ஹூ ஆர் யூ கோலிங் ஃபோர்?" (யாருக்காக அழைக்கிறீர்கள்?) அப்புறம், "பிளீஸ் புட் திஸ் நம்பர் ஒன் யுவர் டூ நொட் கோல் லிஸ்ட்." (இந்த இலக்கத்தை உங்கள் "அழைக்க வேண்டாம்" பட்டியலில் போடுங்கள்.) இவ்வளவும் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டு வைப்பது இந்த நாட்டில் மரியாதைக் குறைவு இல்லை.

முதல் கேள்வியை வேண்டுமென்றே எழுதினேன். அழைப்பவர் தொடக்கத்திலேயே தன் பெயரையும் யாருக்காக அழைக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது விதி. கிழமை நாட்களில் காலை 9 முதல் இரவு 9.30 வரை, சனி ஞாயிறில் காலை 10 முதல் மாலை 6 வரை மட்டுமே அழைக்கலாம், அதுவும் உங்கள் ஊர் நேரப்படி. பதிவு செய்த குரல் தானாகப் பேசி விற்கும் அழைப்புக்கு உங்கள் வெளிப்படையான சம்மதம் முன்பே இருக்க வேண்டும். தொண்டு நிறுவனத்துக்குக்கூட இதில் விலக்கு இல்லை. "ஒன்றை அழுத்துங்கள்" என்றால் எதையும் அழுத்தாமல் வையுங்கள்.

"நாங்கள் விற்கவில்லை, ஒரு சின்னக் கருத்துக்கணிப்பு" என்று தொடங்கி, வீட்டில் எத்தனை பேர், சூடாக்கி எத்தனை வருடம் பழையது என்று கேட்டு, கடைசியில் புதுச் சூடாக்கியில் வந்து முடிப்பவர்களும் இருக்கிறார்கள். விற்பதற்காக எடுத்தது என்றால் அது விற்பனை அழைப்புத்தான், கருத்துக்கணிப்பு என்ற பெயர் அதை மாற்றாது.

சரி, சம்மதம் எங்கே கைநழுவுகிறது? எங்கள் சனத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் தொலைபேசியில் இல்லை, கோடைகால விழாக்களில். ஸ்காபரோவில் தெருவிழாவுக்குப் போனால் கொத்து ரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதன் மேல் கண்ணாடிப் பெட்டி. தொலைக்காட்சியோ விமானச் சீட்டோ பரிசு. பெயர், இலக்கம், மின்னஞ்சல், "சொந்த வீடா, வாடகையா?" என்று ஒரு துண்டு. அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி, உங்களைத் தொடர்புகொள்ளச் சம்மதிக்கிறீர்கள் என்று. அதில் கையெழுத்து வைத்தால் தேசியப் பட்டியலில் நீங்கள் இருந்தாலும் அந்த நிறுவனம் அழைக்கலாம். அந்த வரியைப் படியுங்கள். வேண்டாம் என்றால் துண்டைப் பெட்டியில் போடாமல் வாருங்கள்.

கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுக்கலாம். உங்களுக்காக வேறொருவர் சம்மதம் கொடுக்கவும் முடியாது. "உங்கட மச்சான்தான் நம்பர் தந்தவர்" என்று காப்புறுதி முகவரோ வீடு விற்பவரோ எடுத்தால், மச்சானின் சம்மதம் மச்சானுக்கு மட்டும்தான். தமிழில் பேசுகிறார், ஊரில் எவ்விடம் என்று கேட்கிறார் என்பதற்காக விதி தளராது. எங்கள் ஆட்களிடம் "வேண்டாம் அண்ணா" என்று சொல்வதுதான் மிகக் கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லுங்கள்.

குறுஞ்செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. சம்மதம் இல்லாமல் விளம்பரம் அனுப்பக்கூடாது, விலகும் வழி அதிலேயே இருக்க வேண்டும், விலகினால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். கடையில் காசாளர் உங்கள் இலக்கத்தைக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். தனியார் நிறுவனங்களுக்கான தனியுரிமைச் சட்டப்படி காரணத்தைச் சொல்லவேண்டியது அவர்கள் கடமை.

பட்டியலுக்கு அடங்காத ஒரு கூட்டம் உண்டு. மோசடிக்காரர் எந்தப் பட்டியலையும் பார்ப்பதில்லை. வரித் திணைக்களம் என்பார், உடனே கைது என்பார், பரிசு அட்டை வாங்கி அதன் இலக்கத்தைப் படிக்கச் சொல்வார். கனடா வரித் திணைக்களம் பரிசு அட்டையில் காசு கேட்காது. குடிவரவுத் திணைக்களம் தொலைபேசியில் கட்டணமோ தண்டமோ வாங்காது. திரையில் தெரியும் இலக்கத்தைப் போலியாகக் காட்ட முடியும், அதை நம்பாதீர்கள். சமூகக் காப்புறுதி இலக்கத்தைச் சொல்லிவிட்டால் உடனே வங்கிக்கும், கனடிய மோசடி எதிர்ப்பு நிலையத்துக்கும் (1-888-495-8501) சொல்லுங்கள். அகதிக் கோரிக்கை முடிவுக்குக் காத்திருப்பவர்களை இந்தப் பயம்தான் அதிகம் பிடிக்கிறது. கோரிக்கை விஷயமாக யாராவது மிரட்டினால் வைத்துவிட்டு, உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

31 நாள் கழிந்தும் விற்பனை அழைப்பு வந்தால் முறையிடுங்கள், பதிவதற்கு அழைத்த அதே 1-866-580-3625 இலக்கத்தில். அழைப்பு வந்து 14 நாளுக்குள் செய்ய வேண்டும். எந்தத் தொலைபேசிக்கு வந்தது, தேதி, நேரம், அழைத்தவரின் பெயர் அல்லது இலக்கம், இவ்வளவும் கேட்பார்கள். விதி மீறிய தனிநபருக்கு ஒரு மீறலுக்கு 1,500 டொலர் வரையும் நிறுவனத்துக்கு 15,000 டொலர் வரையும் தண்டம் போடலாம். அந்தக் காசு உங்களுக்கு வராது. இருந்தாலும் ஒரே நிறுவனத்தின் மேல் முறைப்பாடுகள் சேரும்போதுதான் ஆணையத்தின் கண் அந்தப் பக்கம் திரும்பும். எங்கள் வீட்டில் அந்தக் காகிதத்துக்குக் கீழே ஒரு சின்னக் கொப்பி தொங்குகிறது. தேதியும் நேரமும் அம்மாதான் எழுதுகிறார்.