அம்புலன்ஸ் நுழையாத ஒழுங்கையில் பாரிசவாதத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

எங்கள் வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஓர் ஒழுங்கைக்குள், மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு 74 வயது. பிரஷரும் சீனி வருத்தமும் உண்டு. பாரிசவாதம், அதாவது ஸ்ட்ரோக் என்றதும் வயதையும் பரம்பரையையும் பற்றித்தான் பேசுவோம். குடியிருக்கிற இடமும் கணக்கில் வரும். அமெரிக்காவில் 65 வயது தாண்டிய நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். வெள்ளையர்களில் வசதி குறைந்த பகுதியில் இருந்தவர்களுக்குப் பாரிசவாதம் கூடுதலாக வந்திருந்தது. அதில் ஒரு பங்குக்குக் காரணம் பிரஷர், சீனி போன்றவைதான். அது அந்த ஊர்க் கதை. ஆனால் பிரஷரை எங்கள் மாடியிலும் பிடித்து வைக்கலாம்.

முதலில் சரியாக அளக்கப் பழகுங்கள். படியேறி வந்த மூச்சோடு அம்மாவுக்கு அளந்துவிட்டு நான் ஒருமுறை வீட்டையே கலக்கினேன். ஐந்து நிமிடம் சும்மா இருக்க விடுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படவேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் தேநீர் வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து கொப்பியில் எழுதுங்கள். வீட்டில் அடிக்கடி 135/85க்கு மேலே போனால் அந்தக் கொப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள். மெஷின் வாங்குவதென்றால் மேல்கையில் கட்டுவதையே வாங்குங்கள். நாங்கள் நாலு வீட்டார் காசு சேர்த்து ஒன்று வாங்கினோம்.

"இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று குளிசையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. கிளினிக் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மிச்சக் குளிசையை எண்ணிப் பாருங்கள்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். அச்சாறு விஷயத்தில் அம்மாவிடம் நான் இன்னும் ஜெயிக்கவில்லை. நடக்கப் பூங்கா இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். பஸ் இரைச்சல் தொடங்குமுன் புனித லூசியா பேராலயப் பக்கம் ஒரு சுற்று போதும்.

இனி அவசரம். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, தூக்கிய கைகளில் ஒன்று கீழே விழுகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று தெரிந்தாலே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். தண்ணீர், குளிசை எதுவும் வாயில் வேண்டாம். விரல் நுனியில் ஊசி குத்தச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியமும் வேண்டாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகுதான்.

ஒழுங்கைக்குள் வாகனம் வராது என்பதால் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: முகவரி, சந்தியில் உள்ள கடையின் பெயர், குளிசைப் பட்டியல், சந்திக்கு ஓடிப்போய் அம்புலன்ஸை மறிக்க வேண்டியவர் யார், கதிரையோடு தூக்க வேண்டிய இருவர் யார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையும் பார்த்தோம். அம்மா கதிரையில் இருந்தபடி "மெதுவாடா, மெதுவாடா" என்று கத்த, பையன்கள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு பழைய சைக்கிளும் ஒரு காஸ் சிலிண்டரும் வழியை மறித்திருந்தன. சைக்கிள் அன்றைக்கே கீழே போயிற்று. சிலிண்டருக்குப் பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.