குவாட் பைக் விபத்துக் கோடிங்: வி86 இல் வழமையாக விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அமெரிக்க வைத்தியசாலைக் கோப்புகளுக்குக் கோடிங் (நோயையும் காயத்தையும் ஐசிடி என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் இலக்கமாக எழுதும் வேலை) பழகுகிறவர்களுக்கு முறிவு, வெட்டுக்காயம் எல்லாம் கொஞ்ச நாளில் வடிவாகப் பிடிபட்டுவிடும். வீதிக்கு வெளியே ஓடவென்று செய்த வாகனங்களில் இருந்தவர்களின் விபத்துக்கான வி86 வந்தால்தான் தடுமாறுவார்கள். குவாட் பைக், அதாவது கரடுமுரடான நிலத்தில் ஓடும் ஏரிவி, எங்கள் வீதியில் ஓடும் சாமான் இல்லை. அதனால் கோப்பில் எழுதாமல் விட்டதை எங்கள் வீதியை மனதில் வைத்து நிரப்பிவிடுகிறோம், பிழை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலாவது, எல்லாவற்றிலும் பெரியதும் இதுதான்: இடம் சொல்லப்படாவிட்டால் வீதியில் நடந்ததென்று எடுத்துக்கொள்வது. கார், மோட்டார் சைக்கிள் விபத்துக்கு அது சரி, ஐசிடி விதியே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வீதிக்கு வெளியே ஓடவென்றே செய்த வாகனங்கள் மட்டும் சம்பந்தப்பட்ட விபத்துக்கு விதி தலைகீழ், வீதியென்று எழுதியிருந்தால் ஒழிய வீதிக்கு வெளியே நடந்ததாகவே கொள்ள வேண்டும். ஏரிவி புரண்டு சாரதிக்குக் காயம், இடம் எழுதவில்லை என்றால் வி86.55 (ஏரிவி சாரதி, வீதிக்கு வெளியே). இரண்டு ஏரிவிகள் ஒன்றோடொன்று மோதின, இடம் எழுதவில்லை என்றாலும் அதே இலக்கம்தான். ஆனால் ஏரிவியும் பிக்கப் வாகனமும் மோதின, இடம் எழுதவில்லை என்றால்? இப்போது வீதி வாகனம் ஒன்றும் உள்ளே வந்துவிட்டது, ஆகவே பழைய விதிக்கே திரும்பிப்போய் ஏரிவி சாரதிக்கு வி86.05 போட வேண்டும். அதே மோதல் தோட்டக் காணிக்குள் நடந்ததென்று ஒரு வரி இருந்தால் மறுபடி வி86.55. வீதி என்பது தார் போட்ட பகுதி மட்டுமில்லை என்பதையும் கவனியுங்கள், இரண்டு பக்கக் காணி எல்லைகளுக்கும் இடையில் உள்ள முழு அகலமும் வீதிதான், ஓரத்துப் புல்லில் ஓட்டிக்கொண்டு வந்து விழுந்தாலும் வீதி விபத்துத்தான்.

புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்களையும் மாறிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் இலக்கம் ஆள் யார், வீதியா வெளியா என்று சொல்லும், இரண்டு இலக்கம் இருந்தால் முன்னது வீதி, பின்னது வெளி: சாரதி 0 அல்லது 5, பயணி 1 அல்லது 6, வெளியே தொற்றிக்கொண்டு போனவர் 2 அல்லது 7, ஏறும்போதோ இறங்கும்போதோ அடிபட்டவர் 4. இரண்டாவது இலக்கம் வாகனம்: ஏரிவி 5, டேர்ட் பைக் (மண்பாதையில் ஓட்டவென்று செய்த மோட்டார் சைக்கிள்) 6, மணல்மேட்டில் ஓட்டும் பக்கி 3, பனியில் ஓடுவது 2. முந்திய பதிப்புகளில் ஏரிவிக்கும் டேர்ட் பைக்குக்கும் தனி இலக்கம் இல்லாததால் இரண்டுமே 9 இல் போய் விழும், அந்தப் பழைய குறிப்புகளை ஆரோ அனுப்பிய பி.டி.எஃப் இல் பார்த்துப் படிப்பவர்கள் இன்றைக்கும் வி86.59 போடுகிறார்கள். டேர்ட் பைக்கைச் சாதாரண மோட்டார் சைக்கிள் என்று நினைத்து வி20 முதல் வி29 வரையான பகுதிக்குள் தேடுவதும் இதே ரகம். மூன்று சக்கர ஏரிவியைக் கண்டவுடன் எங்களுக்கு ஓட்டோ ஞாபகம் வரும், வி30 தொடக்கம் தேடுவோம். ஓட்டோவுக்குத்தான் அந்தப் பகுதி, மூன்று சக்கரமானாலும் ஏரிவி என்றால் வி86.

கோட் அடிபட்ட ஆளுக்குத்தான், வாகனத்துக்கு இல்லை. ஏரிவி தட்டி நடந்துபோனவர் விழுந்தால் அவர் வி01 முதல் வி09 வரை, கார்க்காரருக்குக் காயமென்றால் வி40 முதல் வி49 வரை. கோப்பில் ஏரிவி என்ற சொல்லைக் கண்டதும் எல்லோருக்கும் வி86 எழுதுவது அவசரத்தில் வரும் பழக்கம்.

உழவு இயந்திரமும் லாண்ட் மாஸ்டரும் வி86 இல் வராது, விவசாய வாகனத்துக்கு வி84 இருக்கிறது. மட்காட்டில் குந்திக்கொண்டு போனவர் வயலுக்குள் விழுந்தால் பயணி என்று எழுதாதீர்கள், அது பயணிக்கான இருக்கை இல்லையே, வெளியே இருந்தவராகக் கொண்டு வி84.7 தான். லாண்ட் மாஸ்டரை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துத் தண்ணீர் இறைக்கும்போது பெல்ட்டில் விரல் மாட்டினால் அது போக்குவரத்து விபத்தே இல்லை, டபிள்யூ30 பக்கம் போக வேண்டும்.

அப்புறம் கோட்டின் கடைசியில் சிகிச்சை எந்தக் கட்டமென்று சொல்லும் ஏழாவது எழுத்து. ஏ என்றால் முதல் வருகை என்று மனப்பாடம் பண்ணியவர்கள் ஒரு கிழமை கழித்து வேறு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்ததற்கு டி போட்டுவிடுவார்கள். ஏ என்பது முனைப்பான சிகிச்சை நடக்கும் காலம் முழுவதற்கும், வைத்தியர் மாறினாலும் ஏ தான். ஆறிக்கொண்டு வரும் கட்டத்தில்தான் டி. காயத்தின் கோட்டுக்கு எந்த எழுத்தோ, வி86 போலக் காயம் எப்படி வந்ததென்று சொல்லும் வெளிக்காரணத்தின் கோட்டுக்கும் அதே எழுத்து. வி86.55 இல் ஐந்து இடம்தான் நிரம்பியிருக்கிறது, ஆகவே ஆறாவது இடத்தில் எக்ஸ் வைத்து வி86.55எக்ஸ்ஏ. அந்த எக்ஸை விட்டால் சிஸ்டம் திருப்பி அனுப்பும்.

வெளிக்காரணக் கோட் ஒருபோதும் முதலில் வராது, காயம்தான் முன்னுக்கு. உதாரணத்துக்கு இடது காறை எலும்பின் நடுத்தண்டு விலகி முறிந்திருந்தால் எஸ்42.022ஏ, பிறகுதான் வி86. இடது வலதைக் கோப்பிலிருந்து பார்த்தே எழுதுங்கள், எக்ஸ்ரே அறிக்கையும் வைத்தியர் குறிப்பும் வேறு வேறு பக்கத்தைச் சொன்னால் கேட்டு எழுத வேண்டுமே தவிர நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. விலகியதா இல்லையா என்று சொல்லாவிட்டால் விலகியது என்றும், திறந்ததா மூடியதா என்று சொல்லாவிட்டால் மூடியது என்றும் எடுப்பது விதி. தலை அதிர்ச்சியில் நினைவு தப்பியதா என்றே எழுதப்படாதபோது எஸ்06.0எக்ஸ்ஏஏ. தப்பியது, எவ்வளவு நேரம் என்றுதான் தெரியாது என்றால் எஸ்06.0எக்ஸ்9ஏ. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பவர்கள் நிறையப்பேர்.

வை92 இடத்தையும் வை93 அந்த நேரம் செய்துகொண்டிருந்ததையும் சொல்லும், இவை முதல் தடவை மட்டும், ஒவ்வொரு வருகைக்கும் திருப்பித் திருப்பிப் போடத் தேவையில்லை. இங்கே இன்னொன்று: வி86.05 என்று வீதி விபத்தாக எழுதிவிட்டுக் கீழே வை92.73 என்று வயலைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும்.

எங்கள் வைத்தியசாலைகளில் வேலை பார்க்கிறவர்கள் இந்த நுணுக்கமெல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்து பி.எச்.ரி (விடுதியில் நோயாளிக்கென்று வைக்கும் கோப்பு) இல் பொருத்தப் பார்க்காதீர்கள். ஐந்தாவது, ஏழாவது இடம் எல்லாம் அமெரிக்கர்கள் தங்களுக்கென்று சேர்த்தவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 இல் வி86.5 என்பதோடு நிற்கும், எந்த வாகனமென்று பிரித்துச் சொல்ல அதில் இடமில்லை. ஆனாலும் பி.எச்.ரி இல் வெறும் ஆர்.ரி.ஏ (வீதி விபத்து) என்று மூன்றெழுத்து மட்டும் கிடந்தால் அந்த நாலாவது இலக்கத்தைக்கூட உங்களால் எழுத முடியாது. சாரதியா பயணியா, வீதியா வயலா என்று ஒரு வரி சேர்த்து எழுதச்சொல்லி விடுதியில் கேட்டு வாங்குங்கள், ஆள் துண்டு வெட்டிப் போன பிறகு கேட்டால் ஒருத்தருக்கும் ஞாபகம் இராது.