பனியன் துணிப் படத்தில் பிக்சல் விட்டுப்போனால்

திருப்பூரில் பனியன் துணி செக்கிங் மேசைக்கு மேல் கேமரா வைத்து, ஊசிக்கோடு (பின்னல் ஊசிப் பழுதால் துணியில் விழும் கோடு) விழுந்த இடத்தைக் கணினி கண்டுபிடிக்கும்படி செய்வது என் வேலை. முதல் மாதம் நல்ல சிங்கிள் ஜெர்சித் துணியைக்கூட அது பழுது என்றே காட்டியது. காரணம் நான்தான். டியூப்லைட் வெளிச்சம் பளீரென்று அடித்த பிக்சல்களை நீக்கிவிட்டு, அங்கே 0 போட்டு வைத்திருந்தேன்.

நமக்கு அது காலியிடம். கணக்குக்கு அது கன்னங்கரிய நிறம். 1973-இல் பட ஆய்வாளர் ஹராலிக்கும் உடன் இருவரும் வெளியிட்ட முறையில், அக்கம்பக்கத்துப் பிக்சல்களை ஜோடி ஜோடியாக எடுத்து, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எத்தனை முறை வருகிறது என்று ஓர் அணியில் (எண் அட்டவணையில்) எண்ணுகிறோம். சாம்பல் நிறத்தை 0 முதல் 7 வரை 8 படிகளாகப் பிரித்தால், சீரான துணியில் ஒரு ஜோடிக்கு ஒரு படி வித்தியாசம் வரலாம். வித்தியாசத்தை வர்க்கமாக்கிப் பார்க்கும் கான்ட்ராஸ்ட் கணக்கில் அது 1. ஆனால் 0-க்குப் பக்கத்தில் 7 இருந்தால் 49! காலியிடத்தின் ஓரமெல்லாம் இப்படி ஏறினால் துணி எப்படித் தப்பும்?

சராசரியைப் போட்டு நிரப்பியும் பார்த்தேன். அந்த இடம் வழவழவென்று ஆகி, கான்ட்ராஸ்ட் இறங்கியது. நிஜமான ஊசிக்கோடும் அதில் அமுங்கிப் போனது.

நிரப்பவே வேண்டாம், ஜோடியில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் அந்த ஜோடியை எண்ணாதீர்கள். மேட்லாப் மென்பொருளில் அந்தப் பிக்சலை என்ஏஎன் (NaN, 'எண் அல்ல') என்று குறித்தால் போதும், ஜோடிகளை எண்ணும் கிரேகோமேட்ரிக்ஸ் கட்டளை தானே விட்டுவிடும். பைத்தான் மொழியின் சைகிட்-இமேஜ் என்ற படத் தொகுப்பில் நாமே செய்ய வேண்டும். நல்ல பிக்சல்களை 1 முதல் 8 வரையான படிகளாக மாற்றுங்கள். விட்டுப்போனவற்றுக்கு 0. கட்டளையில் லெவல்ஸ் (படிகளின் எண்ணிக்கை) 9, நார்ம்டு (கூட்டுத்தொகையால் வகுப்பது) வேண்டாம். வரும் அணியில் 0-க்குரிய வரிசையையும் நெடுவரிசையையும் வெட்டி எறியுங்கள். அப்புறம்தான் மீதியை அதன் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். முதலிலேயே வகுத்தால் மொத்தம் 1-க்குக் குறைந்துவிடும்.

படி பிரிக்கும் எல்லைகளை எல்லா ரோலுக்கும் ஒன்றாகவே வையுங்கள். படத்துக்குப் படம் மாற்றினால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது. பளபளப்பு ஓரத்திலும் கசியும் என்பதால் மாஸ்க்கை (நீக்க வேண்டிய பிக்சல்களைக் குறிக்கும் பகுதியை) இரண்டு பிக்சல் அகலப்படுத்துகிறேன்.

படத்தின் 64-க்கு 64 பிக்சல் கட்டம் ஒன்றில் கிடைமட்டமாக 4032 ஜோடிகள் உண்டு. பாதிகூடத் தேறாவிட்டால் அந்தக் கட்டத்தை ஒதுக்கிவிடுவேன். ஒதுக்கியதை 'நல்லது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். செக்கிங் அக்கா அந்த இடத்தைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.