ஐந்து நாளாகக் காயாத வார்னிஷ்

அல்சூர் வீட்டிலிருந்த தாத்தாவின் தேக்குச் சாய்வு நாற்காலிக்கு உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் பூசி ஐந்து நாளாகியும், அது விரலில் ஒட்டியது. பெங்களூரின் ஆடி மாத ஈரக்காற்றே காரணம் என்றெண்ணி மின்விசிறியின் கீழ் வைத்தேன், புது டப்பா வாங்கி இன்னொரு பூச்சும் கொடுத்தேன், பிசுக்கு கூடியது. பிறகுதான், கால்களும் சட்டமும் நன்றாகக் காய்ந்திருக்க, தலை சாயும் பலகை மட்டுமே ஒட்டுவதைக் கவனித்தேன்: பல்லாண்டுகளாக அதில் ஊறியிருந்த தேங்காய் எண்ணெய், தானும் காயாத எண்ணெய் என்பதால், வார்னிஷையும் இறுக விடவில்லை. அந்தப் பலகையைச் சுரண்டி, துணியில் மஞ்சள் கறை படியாத அளவுக்கு டர்பன்டைனால் பலமுறை துடைத்து, 180, பின் 220 எண் உப்புத்தாள் தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த, மெழுகு நீக்கிய அரக்கைத் தடுப்புப் பூச்சாகக் கொடுத்து, மறுநாள் வார்னிஷை மெல்லியதாகப் பூசினேன். ஒரே இரவில் காய்ந்தது, பெரும் நிம்மதி.