லண்டன் – பாரிஸ்: தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தேடினால் சுமார் 344, 460, 492 கி.மீ. என மூன்று விடைகள் வரும். மூன்றுமே சரிதான். முதலாவது வான்வழி நேர்கோடு, அடுத்தது சாலை, கடைசி ரயில் பாதை.

படி 1: நேர்கோட்டுத் தூரம்

கால்குலேட்டர் போதும். லண்டன்: வடக்கு 51.51°, மேற்கு 0.13°. பாரிஸ்: வடக்கு 48.86°, கிழக்கு 2.35°.

அட்சரேகை வித்தியாசம் 2.65. ஒரு பாகை 111.2 கி.மீ. என்பதால் 2.65 × 111.2 = 294.7 கி.மீ. தீர்க்கரேகையில் ஒன்று மேற்கு, மற்றது கிழக்கு. ஆகவே கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்: 2.48. வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும். அதனால் சராசரி அட்சரேகையான 50.18°-இன் கொசைனால் (கால்குலேட்டரில் cos; மதிப்பு 0.64) பெருக்க வேண்டும்: 2.48 × 111.2 × 0.64 = 176.5 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 344.

விடை 334-ஐ ஒட்டி வந்தால் மேற்கு–கிழக்கைக் கழித்திருக்கிறீர்கள். 403, 404 என்று வந்தால் கொசைனை விட்டிருப்பீர்கள், அல்லது கால்குலேட்டர் பாகைக்குப் பதில் ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருக்கும். எக்ஸெல் எப்போதும் ரேடியனில்தான் கணக்கிடும். பாகையை மாற்றிக் கொடுங்கள்.

படி 2: ஓடும் நேரம்

லண்டன்–பாரிஸ் அதிவேக ரயிலான யூரோஸ்டார் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓடுகிறதே என்று 492-ஐ 300-ஆல் வகுத்தால் 1 மணி 38 நிமிடம் வரும். உண்மையில் ஆவது சுமார் 2 மணி 20 நிமிடம். இங்கிலாந்தையும் பிரான்ஸையும் கடலுக்கடியில் இணைக்கும் 50 கி.மீ. நீளமுள்ள கால்வாய்ச் சுரங்கத்துக்குள் வேகம் 160தான். அங்கே மட்டும் 20 நிமிடம் போய்விடும். நகருக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் மெதுவாகத்தான் போகும். உச்ச வேகத்தை நம்பாமல், கால அட்டவணையைப் பாருங்கள்.

காரில் போனால் சுரங்கத்தின் இங்கிலாந்து முனையான ஃபோக்ஸ்டன் வரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், காரோடு சுரங்க ரயிலில் 35 நிமிடம், பிரான்ஸ் முனையான கலேயிலிருந்து பாரிஸ் சுமார் 3 மணி. சுரங்க முனையத்தில் சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒரு மணி நேரம் சேருங்கள். பிரெஞ்சு நெடுஞ்சாலையில் வேக வரம்பு 130. மழை பெய்தால் 110.

படி 3: வாசலிலிருந்து வாசல் வரை

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விமானம் 1 மணி 20 நிமிடம் என்று டிக்கெட்டில் இருக்கும். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணி, முன்கூட்டிய வருகை 2 மணி, இறங்கி வெளியேற முக்கால் மணி, பாரிஸின் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்கு முக்கால் மணி: கிட்டத்தட்ட 6 மணி. ரயிலுக்கு, லண்டனின் செயின்ட் பான்க்ரஸ் நிலையம் போக அரை மணி, அங்கே சோதனைக்கு ஒன்றேகால் மணி, பயணம் 2 மணி 20 நிமிடம்: சுமார் 4 மணி. இரு நாட்டுக் குடியேற்றச் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடுவதால் பாரிஸின் ‘கார் து நோர்ட்’ ரயில் நிலையத்தில் இறங்கியதும் வெளியே நடக்கலாம். லூட்டன் விமான நிலையம் என்றால் இன்னும் கவனம். அது லண்டன் மையத்திலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி இருக்கிறது.

படி 4: கடிகார வித்தியாசம்

பாரிஸ் 1 மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். 9:30-க்குக் கிளம்பி 12:50-க்குச் சேர்ந்தால் பயணம் 3 மணி 20 நிமிடம் அல்ல, ஒரு மணி குறைவு. திரும்பும்போது ஒரு மணி கூட்டுங்கள். கோடைக்கால மாற்றம் இரு நாடுகளிலும் ஒரே கணத்தில் நடப்பதால் இந்த 1 மணி ஆண்டு முழுவதும் மாறாது.