காய்ச்சல் வலிப்பும் இரும்புச் சத்தும்: எங்கே தவறுகிறோம்?

காய்ச்சலில் குழந்தைக்குக் கை கால் வெட்டி இழுத்தால், வீட்டில் யாராவது ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து அதன் கையில் திணித்துவிடுவார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்குமாம். நிற்கத்தான் செய்கிறது, காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். நல்ல பெயர் மட்டும் சாவிக்கு! அந்த நேரத்தில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. சீக்கிரம் நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அதற்காக இரும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. காய்ச்சல் வலிப்பு 6 மாதம் முதல் 5 வயது வரை வருவது. இரும்புச் சத்து அதிகம் குறைகிற பருவமும் ஏறக்குறைய அதுவேதான். வலிப்பு வந்த குழந்தைகளையும், வெறும் காய்ச்சல் மட்டும் வந்தவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில், முதல் கூட்டத்தில்தான் இந்தக் குறைபாடு கூடுதலாகத் தெரிந்தது. உடனே "அப்போ டானிக் கொடுத்தால் இனி வராது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்படி உறுதி சொல்ல ஆதாரம் போதாது. குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதில் வந்திருக்கிறதா என்பதும் இதில் முக்கியம். இரும்புக் குறைவு இருந்தால், வலிப்பு வந்தாலும் வராவிட்டாலும் அதைச் சரிசெய்துதான் ஆக வேண்டும்.

பெரிய குழப்பம் பரிசோதனையில்தான். உடலில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் அடிக்கும்போது அதன் அளவு தானாக ஏறும். குறைபாடுள்ள குழந்தையும் ரிப்போர்ட்டில் நன்றாக இருப்பதுபோல் தெரியும். துத்தநாகம் (ஜிங்க்) நேர்மாறு, காய்ச்சலிலேயே இறங்கிவிடும். அந்த ஒரு எண்ணைப் பார்த்து ஜிங்க் சிரப் வாங்க ஓடாதீர்கள். குணமாகிச் சில வாரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதும் போதாது. சேமிப்பில் உள்ள இரும்பு காலியான பிறகுதான் அது இறங்கத் தொடங்கும்.

ஒரு வயதுக்கு மேல் "சாப்பிடவே மாட்டான், பால் மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்வதும் உண்டு. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. இருக்கிற பசியையும் அது அடைத்துவிடும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். ஈரல், மீன், முட்டை, பருப்பு, கீரை கொடுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ உதவும். சாப்பாட்டோடு டீ வேண்டாம்.

6 மாதம் ஆகாத குழந்தைக்கு வலிப்பு வந்தால் அதைக் காய்ச்சல் வலிப்பு என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், கால்சியம், சோடியம், சர்க்கரை குறைந்தும் இழுக்கும். அது அவசரம்.

அரசுத் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ளவர்களுக்கு வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச் சிரப் தருகிறார்கள். காய்ச்சல் நாட்களில் நிறுத்தி, தேறியதும் தொடரலாம். மலம் கருத்தால் பயப்பட வேண்டாம். பாட்டிலை மட்டும் எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.